அவர் கரையேறிவிட்டார், நான் இன்னும் படகில்

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

டெல்லி மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 58 வயது, அவருக்கு 63. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், கல்யாணமாகி குருகிராமில் இருக்கிறாள். பணக்கஷ்டம் இல்லை, அவரிடம் கெட்ட பழக்கமும் இல்லை. விஷயம் ஒரு படகுப் பயணம். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதுதான் என் பிரச்சினையே.

காசி யாத்திரை ரொம்ப நாள் ஆசை. எல்லாரையும் போல ரயிலில் போய் வந்திருக்கலாம். இவருக்கு ஒரு யோசனை வந்தது. பிரயாக்ராஜில் சங்கமக் காரியங்களை முடித்துக்கொண்டு, அங்கிருந்து காசி வரை கங்கையிலேயே போய்விடுவது என்று. சாலையில் 120 கிலோமீட்டர் சொச்சம். ஆறு வளைந்து வளைந்து போவதால் படகில் 200க்கு மேல். மூன்று நாள் ஆகும் என்றார். அண்ணன் தம்பி இரண்டு படகுக்காரர்கள், மோட்டார் படகு, மேலே தார்ப்பாய்க் கூரை. 45,000 ரூபாயையும் முன்னாலேயே கொடுத்துவிட்டார். "குகன் பரம்பரை, பயப்படாதே" என்றார். சரி என்றேன்.

போன மார்ச் கடைசி வாரம் கிளம்பினோம். சங்கமத்தில் வேணி தானம். கணவர் தன் கையால் மனைவிக்குத் தலை வாரிப் பின்னி, நுனியைக் கொஞ்சம் வெட்டி ஆற்றில் விட வேண்டும். 34 வருஷத்தில் அவர் என் தலையில் சீப்பு வைத்ததே இல்லை. "மெல்ல இழுங்கோ மாமா" என்று சாஸ்திரிகள் இரண்டு தரம் சொன்னார். பின்னல் கோணலாக வந்தது. அதை அவிழ்க்க மனசில்லாமல் அப்படியே படகில் ஏறினேன்.

முதல் நாளே சிர்சா வருவதற்குள் கிழிந்த மீன்வலை ஒன்று புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. தம்பிக்காரன் மார்பளவு தண்ணீரில் நின்று நார் நாராக அறுத்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் பீப்பாய்ப் பாலம் ஒன்று குறுக்கே வந்தது. பெரிய இரும்புப் பீப்பாய்களை மிதக்கவிட்டு மேலே பலகை அடித்த பாலம். அடியில் படகு நுழையாது. நடுவில் ஒன்றை அவிழ்த்து வழிவிட ஆள் வர வேண்டும். ஆள் மத்தியானம்தான் வந்தார். அதைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மணல் திட்டில் ஏறிவிட்டோம். என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் குழாயில் மணல் அடைத்து, என்ஜின் கொதித்து, கேஸ்கெட் போயிற்று. மிர்சாபூரிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து, பைக்கைக் கரையில் விட்டுவிட்டு மணலில் நடந்து வந்து பார்த்தார். பிறகு கேஸ்கெட் வாங்கத் திரும்பிப் போனார். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அந்தத் திட்டிலேயே கிடந்தோம். கழிப்பறை பற்றி நான் எழுதவில்லை, நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் ஓங்கில் (டால்பின்) ஒன்று 'புஸ்' என்று மூச்சுவிட்டு எழும்பி முழுகியது. இருவரும் பார்த்தோம். அது மட்டும் நன்றாக இருந்தது. "இதெல்லாம் அனுபவம், நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார். சரி என்றேன்.

மிர்சாபூர் வந்ததும், "இங்கே இறங்கி ஒரு கார் வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் காசி" என்று சொன்னேன். "கொடுத்த பணம் என்னாவது? பாதியில் இறங்கவா கிளம்பினோம்?" என்றார். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் ஆந்தி, அதாவது புழுதிப்புயல், வந்தது. டெல்லியில் ஆந்தி வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். ஆற்று நடுவில் சாத்த என்ன இருக்கிறது? வானம் செங்கல் நிறமாகி, கரை மணல் எல்லாம் எழும்பி முகத்தில் அடித்தது. அப்புறம் ஆலங்கட்டி. கூரைத் தார்ப்பாய் காற்றில் உப்பிக்கொண்டு படகையே ஒரு பக்கமாகச் சாய்த்தது. "கயிற்றை விடாதே, விடாதே" என்று இவர் என்னைப் பார்த்துக் கத்தினார். நைலான் கயிறு என் வலது உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தழும்பு இன்னும் இருக்கிறது. என் லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி கிடையாது, துப்பட்டாவால் கட்டியிருந்தேன். "முருகா முருகா" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் படகு கரையில் இடித்து நின்றது. இவர் முதலில் கேட்டது, "பை நனைஞ்சுதா?"

மறுநாள் காலை சுனார் கோட்டைக்குக் கீழே படகைக் கட்டினார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துக் காசிக்குப் போய், அனுமன் காட் படித்துறையில் நாங்கள் ஏற்பாடு செய்திருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அவர் ராம்நகரில் இரவு தங்கி, அடுத்த நாள் விடியற்காலையில் வந்து இறங்கினார். சிரித்துக்கொண்டே வந்தார்.

ஏழு மாதம் ஆயிற்று. யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதைதான். என்னைப் போலவே "முருகா" என்று கத்திக் காட்டுவார். "சுனார்ல என்னை அம்போன்னு விட்டுட்டு ஆட்டோ ஏறிட்டா, அதனால காசிப் புண்ணியம் முழுக்க எனக்கு மட்டும்தான்" என்று முடிப்பார். போன வாரம் சம்பந்தி வீட்டிலும் சொன்னார். நானும் சிரித்தேன். எதிர் மாடியில் தார்ப்பாய் படபடத்தால் இன்னும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ராமேஸ்வரத்துக்காகச் சங்கமத்தில் எடுத்த கங்கைச் செம்பு பூஜை அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவர் அடுத்து பிரம்மபுத்ராவாம், விசாரித்துக்கொண்டிருக்கிறார். இனி உங்களோடு எங்கும் வர மாட்டேன் என்று சொன்னால் அது தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சிரிக்கவில்லை. கொக்கி இல்லாத லைஃப் ஜாக்கெட், அதற்கு முன்பே இரண்டு முறை நின்றுபோன என்ஜின், காற்றில் உப்பும் தார்ப்பாய், நடு ஆறு. அங்கே பயப்படாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று யார் சொன்னாலும், நீங்களே சொல்லிக்கொண்டாலும், அது உண்மையில்லை.

ஒரே படகில் போன இரண்டு பேரில் ஒருவருக்கு அது எப்படி வேடிக்கைக் கதையாகிறது என்று நீங்கள் நினைக்கலாம். டேனியல் கானெமன் என்ற உளவியலாளர், 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர், சக ஆய்வாளர்களோடு 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 14 டிகிரிக் குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்தக் கடைசி 30 விநாடியில் மட்டும் நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது தடவைக்கு எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதையே கேட்டார்கள். அதில் வலி கூடுதல்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதம். நடந்ததை நாம் நிமிஷக் கணக்குப் பார்த்து நினைவில் வைப்பதில்லை. உச்சமும் முடிவும்தான் பெரும்பாலும் தங்குகின்றன.

உங்கள் வீட்டுக்காரருக்கு முடிவு எது? காசியின் படித்துறைகள் கிழக்குப் பார்த்தவை. விடியற்காலையில் ஆற்றின் மேலிருந்து பார்த்தால் முதல் வெயில் அத்தனை படிகளிலும் விழும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கியிருக்கிறார். முன்னால் நடந்த அத்தனைக்கும் அந்த வெளிச்சம் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்களுக்கு முடிவு, அறுந்த உள்ளங்கையோடு ஒரு ஆட்டோ, சாத்திய கதவு. நீங்கள் இருவரும் ஒரே பயணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கடிதத்தை இரண்டாம் தரம் படித்தபோது பென்சிலால் அடிக்கோடு போட்டேன். 'சரி என்றேன்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிளம்பும் முன் ஒன்று, மணல் திட்டில் ஒன்று, மிர்சாபூரில் ஒன்று. மூன்றுமே சரி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? 34 வருஷம் கூட இருந்தவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். மிர்சாபூரில் நீங்கள் வாய்விட்டே சொன்னீர்கள், அவர் பணத்தைப் பேசினார். அது அவர் தப்பு, பூசி மெழுக மாட்டேன். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்த 45,000 திரும்பி வரப்போவதில்லை. போன பணத்துக்காக இருக்கிற உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் சுனாரில் அவருக்கு 'மாட்டேன்' என்ற சொல் கிடைக்கவில்லை. பையோடு நடந்து போகும் முதுகுதான் கிடைத்தது.

அவர் என் எதிரில் உட்காரவில்லை, அதனால் இது ஊகம்தான். அவர் வேடிக்கையை எந்த வரியில் முடிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'என்னை அம்போன்னு விட்டுட்டு'. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த ஆந்தியில் அவரும் மறுபக்கம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார், அவருக்கும் உயிர் பயம் இருந்திருக்கும். 'பை நனைஞ்சுதா' என்பது மக்குத்தனமான கேள்விதான். ஆனால் 'உனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்கத் தெரியாத தலைமுறை ஆண்களை என் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன், வாயில் வருவது பை, சாவி, டிக்கெட்தான். அவர் நம்மை நடு ஆற்றில் கைவிட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இவள் நம்மை நடு ஆற்றில் கைவிட்டாள் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. அவர் அதைச் சிரித்துச் சொல்கிறார், நீங்கள் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

அதனால் கதையை நிறுத்துங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். விருந்தாளி யாரும் இல்லாத ஒரு மத்தியானம், சாப்பாடு ஆனதும் உட்காருங்கள். டிவி வேண்டாம், மகளும் வேண்டாம். "அந்த ஆந்தியை மட்டும் எனக்கு ஒரு தடவை சொல்லுங்கள், சிரிக்க வைக்காமல்" என்று கேளுங்கள். அவர் முதலில் மழுப்புவார். காத்திருங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் உள்ளங்கையைக் காட்டி, உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். யார் சொல்வது சரி என்ற வழக்கு வேண்டாம். அதற்கப்புறம், "முருகா என்று நான் கத்தியதை இனிமேல் யார் முன்னாலும் நடித்துக் காட்டாதீர்கள்" என்று ஒரே வாக்கியமாக, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஓங்கில் கதையை அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும், அது உங்கள் இருவருக்கும் சொந்தம். அதற்குப் பிறகும் சபையில் நடித்துக் காட்டினால், நீங்கள் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டாம். எழுந்து உள்ளே போய்விடலாம்.

எங்கும் வர மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம், தப்பே இல்லை. பிரம்மபுத்ராவுக்கு அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நான்காவது 'சரி' வேண்டாம். என்றைக்காவது போக மனசு வந்தால், எந்த நிலையில் இறங்கிவிடுவோம் என்பதை வீட்டிலேயே பேசி எழுதிவிட்டுக் கிளம்புங்கள். எவரெஸ்ட் ஏறுபவர்கள் இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுவது என்று கீழேயே முடிவு செய்துகொள்கிறார்கள். மேலே போன பிறகு அந்த முடிவை எடுக்க மனம் விடாது என்று அவர்களுக்குத் தெரியும். என்ஜின் இரண்டாவது முறை நின்றால் காரில் போய்விடுவது என்று உங்களிடம் ஒரு காகிதம் இருந்திருந்தால் மிர்சாபூரில் பேச்சே வந்திருக்காது.

தூக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு சத்தம் கேட்டு ஏழு மாதம் கழித்தும் எழுந்து உட்காருவதைத் 'தானாகப் போய்விடும்' என்று விடக் கூடாது. இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் கிடைக்கிறது. டெல்லியில் எய்ம்ஸிலும், தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் (IHBAS) மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசிப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, கட்டணம் இல்லை.

அப்புறம் அந்தச் செம்பு. சங்கமத்து நீர் ராமேஸ்வரத்தில் அபிஷேகம் ஆகும்வரை யாத்திரை முடியவில்லை என்பது நம் வழக்கம். அப்படியென்றால் நீங்கள் சுனாரில் பாதியில் விட்டதாகக் கணக்கில்லை, அவரும் காசியில் முடித்ததாகக் கணக்கில்லை. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. தண்ணீருக்கு மேலேதான் போக வேண்டும், ஆனால் ரயிலில். மனசு வந்தால் தேதியை நீங்கள் குறியுங்கள், டிக்கெட்டை நீங்கள் போடுங்கள். செம்பை அவர் தூக்கி வரட்டும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அவர் போட்ட அந்தக் கோணல் பின்னலோடு படகில் ஏறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எப்போது அவிழ்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அடுத்த முறை எழுதும்போது எழுதுங்கள்.