மழைக்காட்டை ஊரே மீட்கும்போது: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: காட்டு மர விதைகளை வெயிலில் காயவைத்து டப்பாவில் சேமித்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?

காயவைத்ததுதான் காரணம். மழைக்காட்டின் பெரிய விதைகள் பெரும்பாலும் ஈரம் வற்றினாலே செத்துவிடும். கீழே விழுந்த பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, ஓரிரு நாளிலேயே மணல் பாத்தியில் விதையுங்கள். ஆழம் விதையின் தடிமன் அளவு போதும். மேலே பாதி நிழல் தரும் வலை கட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அடித்தண்டிலேயே அழுகிச் சாயும். ஒரே மரத்தடியில் அள்ளாமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து எடுங்கள். பெரும்பகுதிப் பழத்தை விலங்குகளுக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை மொத்தமாக வெட்டிவிட்டு நடலாமா?

வேண்டாம். புதருக்குள் காட்டு மரக் கன்றுகள் தானாகவே முளைத்திருக்கும். முதலில் அவற்றின் அருகே குச்சி நட்டுத் துணி கட்டுங்கள், அரிவாள் பிறகு. உண்ணியை வேர்க்கட்டையோடு பெயர்க்காவிட்டால் மறுபடி தழைக்கும். சரிவில் பட்டை பட்டையாக அகற்றினால்தான் மண் நிற்கும். பருவமழை நன்றாகப் பிடித்ததும் சுமார் 2 மீட்டர் இடைவெளியில் பல வகைக் கன்றுகளைக் கலந்து நடுங்கள். வேர் பைக்குள் சுருண்ட கன்று வேண்டாம். பலர் நடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் 2, 3 ஆண்டுகள் களை எடுக்கக் கூலி ஒதுக்காத திட்டத்தைத் தொடங்கவே கூடாது.

கேள்வி: வேட்டைக்குப் போனவர்களையே காவலுக்கு வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் கூடு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய நிஷி பழங்குடி ஊர்க்காரர்கள் இருவாச்சிக் கூடுகளைக் காக்கிறார்கள். கூடுகளைத் தத்தெடுப்போர், அதாவது கூட்டைக் காக்க நன்கொடை கொடுப்போர், தரும் பணத்தில் அவர்களுக்குச் சம்பளம். முட்டையிடும் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், இரை கொண்டுவருவது ஆண் பறவைதான். அடைபட்ட காலத்தில் ஆணைச் சுட்டால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. மரத்தடியில் புது எச்சமும் துப்பிய விதைகளும் கிடந்தால் கூடு நடப்பில் இருக்கிறது. தூரத்தில் மறைந்திருந்து, ஆண் இரை கொண்டுவரும் நேரத்தைக் குறியுங்கள். குஞ்சு பறந்தால்தான் பணம் என்று மட்டும் வைக்காதீர்கள். இயற்கையாகக் கூடு கெட்டாலும் காவலர்தான் நட்டப்படுவார், பொய்க்கணக்கும் வரும். மாதச் சம்பளமே சரி.

கேள்வி: காட்டைக் காக்க ஊருக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

உண்டு. 2006 வன உரிமைச் சட்டம், ஊர் வழிவழியாகக் காத்துவந்த சமூக வன வளத்தை, அதாவது ஊர் வழக்கமாகப் பயன்படுத்தும் பொதுக் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. கோரிக்கை கிராம சபையில் தொடங்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லையை நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள். எல்லைத் தகராறிலும் மனுக்கள் முடங்குவதுண்டு.