டார்க்கஸ்ட் டஞ்சனில் மாட் ஹீரோவைச் சேர்த்து ஆடினால் ஆட்டம் கெட்டுப்போகுமா? எப்படி ஆடுவது?

கேட்டவர் டார்க்கஸ்ட் டஞ்சன் என்ற கணினி விளையாட்டின் மூல வடிவத்தை ஒருமுறை முழுசாக முடித்தவர். ஸ்டீம் இணையக் கடையின் வொர்க்‌ஷாப்பில் ரசிகர்கள் செய்து போட்டிருக்கும் புது ஹீரோ வகுப்புகளில் (இந்த மாதிரி ரசிகர் சேர்க்கைகளைத்தான் மாட் என்கிறோம்) ஒன்றை இறக்கிப் பார்க்க ஆசை. ஆனால் அதனால் ஆட்டத்தின் கடுமை போய்விடுமோ என்று பயம். அதோடு, புது ஹீரோவை எந்தக் குழுவில் எப்படிச் சேர்ப்பது என்றும், தானே ஒரு வகுப்பு செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சேர்க்கலாம். எந்த வகுப்பு என்று தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது ஹீரோவால் எதெல்லாம் முடியும் என்பதை மாட் பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எது முடியாது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றுமே இல்லை என்றால் அந்த மாட்டை விட்டுவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ரெட் ஹுக் ஸ்டூடியோஸ் 2016 ஜனவரியில் வெளியிட்ட இந்த விளையாட்டு முழுக்க இடத்தை வைத்து ஓடுகிறது. நான்கு ஹீரோக்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், எதிரே எதிரிகள் ஒரு வரிசை. ஒவ்வொரு திறனையும் சில இடங்களில் நின்றால்தான் பயன்படுத்த முடியும், அதுவும் எதிரி வரிசையில் சில இடங்களைத்தான் எட்டும். பெரும்பாலான ஹீரோக்கள் தங்கள் ஏழு திறன்களில் நான்கைத்தான் சண்டைக்கு எடுத்துப் போகலாம். லெப்பர் என்ற வாள்வீரனைப் பாருங்கள். தொடக்க நிலையிலேயே 8 முதல் 16 வரை அடிக்கிறான், மூல ஹீரோக்களில் அது பெரிய அடி. அதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன? குறி தவறும், வேகம் கிடையாது, முன்னால் இரண்டு இடங்களில் நின்றால்தான் வாள் சுழலும், பின்வரிசை எதிரிகளை எட்டவே எட்டாது. அதனால்தான் லெப்பர் இருக்கும் குழுவில் பின்வரிசையைக் கவனிக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவருக்கு உயிர் குறைவு என்றால் அவரைக் காக்க மூன்றாமவர். இப்படி ஒருவர் குறையை இன்னொருவர் நிரப்புவதில்தான் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு ஆகிறார்கள்.

இப்போது 12 முதல் 18 வரை அடித்து, எந்த இடத்தில் நின்றாலும் அடித்து, தன் காயத்தைத் தானே ஆற்றி, கூடவே பக்கத்தில் இருப்பவரின் ஸ்ட்ரெஸ்ஸையும் (மன அழுத்தத்தையும்) குறைக்கும் ஒரு மாட் ஹீரோவைக் கற்பனை செய்யுங்கள். எண்கள் மட்டும் பிரச்சினை இல்லை, மற்ற மூன்று பேருக்கும் வேலையே இருக்காது. ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறொரு விளையாட்டிலிருந்து வந்த ஆள். நீங்கள் பயப்படுவது இந்த மாதிரி ஹீரோவைப் பற்றித்தான், அந்தப் பயம் நியாயமானது.

நல்ல வகுப்பு வந்தால் நேர் எதிராக நடக்கும், பழைய ஹீரோக்களே புதிதாகத் தெரிவார்கள். இதை நான் எனக்காகவே செய்துகொண்ட ஒரு வகுப்பை வைத்து விளக்குவது எளிது. அது வொர்க்‌ஷாப்பில் இல்லை. பெயர் விளக்கேந்தி. மூன்றாம் இடத்தில் நிற்பாள். தொடக்கத்தில் உயிர் 22, குணப்படுத்தும் மூல ஹீரோவான வெஸ்டலைவிட இரண்டு குறைவு. அவளுடைய முக்கியத் திறன் எதிரியின் மூன்றாம், நான்காம் இடங்களை ஒன்றாகச் சுடும். ஒவ்வொரு முறையும் அது குழுவின் டார்ச் வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

வெளிச்சம் தின்பது எவ்வளவு பெரிய விலை என்று முதலில் எனக்கே முழுசாகப் பிடிபடவில்லை, ஆட ஆடத்தான் புரிந்தது. வெளிச்சம் நூறில் தொடங்கி, நடக்க நடக்கக் குறைகிறது. குறையக் குறைய எதிரிகள் கடுமையாக அடிப்பார்கள், நம்மவர்களுக்கு ஸ்ட்ரெஸ் கூடும், அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும் வாய்ப்பும் போகும். பதிலுக்குக் கிடைக்கும் பொருள் அதிகம். ஆக, விளக்கேந்தி ஒரு சண்டையைச் சீக்கிரம் முடிக்கும்போதெல்லாம் அடுத்த சண்டையைக் கொஞ்சம் கடினமாக்கிவிடுகிறாள்.

அவளைச் சேர்த்த பிறகுதான் குருசேடர் என்ற மூல ஹீரோவின் இன்ஸ்பைரிங் க்ரை திறன் பக்கம் என் கவனம் போனது. ஒருவருக்கு ஒரு துளி உயிர், கொஞ்சம் ஸ்ட்ரெஸ் குறைப்பு, கூடவே கொஞ்சம் வெளிச்சம் ஏறும். அந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. வெஸ்டலின் டேஸ்லிங் லைட்டும் அப்படித்தான். எதிரியை ஸ்டன் செய்து ஒரு முறை அசையவிடாமல் நிறுத்தத்தான் எல்லோரும் அதை எடுக்கிறார்கள், ஆனால் அதுவும் வெளிச்சத்தை ஏற்றும். விளக்கேந்தி குழுவில் இருந்தால் இந்த இரண்டும் அவளுக்குத் தீனி. விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து கண்ணெதிரே இருந்த திறன்களுக்கு ஒரு புது ஆள் வந்ததும் மதிப்புக் கூடிவிட்டது. மாட் ஹீரோ ஆடுவதில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறு இல்லை.

ஒரு சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். இடம் ரூயின்ஸ் என்ற இடிபாட்டுப் பகுதி. முதலிடத்தில் லெப்பர், இரண்டில் குருசேடர், மூன்றில் விளக்கேந்தி, நான்கில் வெஸ்டல். எதிரே முன்னால் இரண்டு எலும்பு வீரர்கள், அவர்களுக்குப் பின்னால் கோப்பையை வீசி ஸ்ட்ரெஸ் ஏற்றும் எலும்புப் பிரபு ஒருவன், கடைசியில் கல்டிஸ்ட் அகோலைட். இந்த அகோலைட் ஆபத்தானவள். மந்திரம் சொல்லி ஸ்ட்ரெஸ் ஏற்றுவாள், அது போதாதென்று நம் பின்வரிசை ஆளை முன்னால் இழுத்துப் போடுவாள்.

இழுத்தாள். விளக்கேந்தி மூன்றிலிருந்து முதலிடத்துக்கு வந்துவிட்டாள். லெப்பர் இரண்டுக்கும் குருசேடர் மூன்றுக்கும் போய்விட்டார்கள். முதலிடத்தில் விளக்கேந்தியின் முக்கியத் திறன் வேலை செய்யாது, 22 உயிரோடு அவள் இரண்டு வாள்களுக்கு நேர் எதிரில் நிற்கிறாள். லெப்பருக்கு இன்னும் வீச்சு இருக்கிறது. குருசேடரின் வழக்கமான வெட்டு மூன்றாம் இடத்திலிருந்து எட்டாது.

இங்கே பதற்றத்தில் பலரும் வெஸ்டலை வைத்து விளக்கேந்தியைக் குணப்படுத்திக்கொண்டே இருப்பார்கள், வரிசை கலைந்தது கலைந்தபடியே கிடக்கும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. விளக்கேந்தி தன் முறையைக் கொடுத்து ஓர் இடம் பின்னால் நகர வேண்டும். இப்போது லெப்பர் மறுபடி முதலிடத்தில், அவள் இரண்டில், குருசேடர் இன்னும் மூன்றில். அப்புறம் குருசேடர் ஹோலி லான்ஸ் அடிக்க வேண்டும். அந்தத் திறன் மூன்றாம், நான்காம் இடங்களிலிருந்துதான் பாயும், எதிரியின் பின்வரிசையை எட்டும், அடித்ததும் அவனை ஓர் இடம் முன்னால் கொண்டுவரும். அகோலைட் மேல் ஈட்டி இறங்கியது, குருசேடர் இரண்டுக்கு வந்தான், விளக்கேந்தி தானாக மூன்றுக்குத் தள்ளப்பட்டாள். இரண்டே முறைகளில் வரிசை நேரானது, அதில் ஒன்று அடியாகவும் அமைந்தது.

விளக்கேந்திக்கு நான் வேண்டுமென்றே பின்வாங்கும் திறன் எதுவும் எழுதவில்லை. அடித்துவிட்டு இரண்டு இடம் பின்னால் தாவும் ஒரு திறனைக் கொடுத்திருந்தால் மேலே சொன்ன கணக்கே தேவைப்பட்டிருக்காது, குருசேடர் அங்கே இருந்ததற்கும் அர்த்தம் இருந்திருக்காது. நீங்கள் ஒரு மாட் வகுப்பை எடைபோடும்போது இதைத்தான் பாருங்கள்: அகோலைட் இழுத்துப் போட்டால் இந்த ஹீரோ தவிப்பாரா? தவித்தால் நல்ல வகுப்பு. முதலிடத்திலும் நான்காமிடத்திலும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தால் வேண்டாம்.

இதை ஆடாமலே கண்டுபிடிக்கலாம். திறன் விளக்கத்தில் வரும் புள்ளிகளைப் பாருங்கள். மஞ்சள் புள்ளிகள் நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு, சிவப்புப் புள்ளிகள் யாரை எட்டும் என்பதற்கு. ஏழு திறன்களிலும் நான்கு மஞ்சள், நான்கு சிவப்பு என்று நிரம்பி வழிந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

சரி, எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புது ஹீரோவை லெவல் பூஜ்யத்திலிருந்தே வளர்த்துக் கொண்டுவாருங்கள், ஊருக்குப் புது ஹீரோக்களைக் கொண்டுவரும் ஸ்டேஜ்கோச்சில் வந்தவுடன் பணத்தைக் கொட்டி எல்லாத் திறனையும் திறக்க வேண்டாம். எந்த நான்கு திறன்களை எடுப்பது என்ற தவிப்பில்தான் ஒரு வகுப்பின் குணம் தெரியும். அதன் சொந்த ட்ரிங்கெட்டுகளை (ஹீரோ அணியும் சிறு பொருள்களை) முதலில் மாட்டாமல் பொதுவானவற்றை வைத்து ஆடிப் பாருங்கள். மாட் வகுப்புகளில் பல நேரம் ஹீரோ அளவாக இருப்பார், கூட வரும் ட்ரிங்கெட்தான் அளவை மீறும். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு மாட் ஹீரோ போதும் என்பது என் பழக்கம். நான்கு பேருமே புதியவர்கள் என்றால் யார் நன்றாக இருக்கிறார்கள், யார் அளவு மீறுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

எந்த இடத்துக்கு அழைத்துப் போகிறோம் என்பதும் முக்கியம். ரத்தம் ஒழுக வைக்கும் ஹீரோ என்றால் ரூயின்ஸில் எலும்புக்கூடுகள் முன் திணறுவார், எலும்பில் ரத்தம் ஏது! அதே ஆளை கோவ் என்ற கடற்குகைப் பகுதிக்குக் கூட்டிப்போனால் அங்கிருக்கும் மீன்மனிதர்களிடம் ரத்தம் நன்றாக எடுபடும். விஷம் வைப்பவர் என்றால் ரூயின்ஸ்தான் வசதி. ஒரு இடத்தில் தோற்றதும் மாட்டைத் தூக்கி எறியாமல் இடத்தை மாற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஜொலிக்கிறார் என்றால் சந்தேகப்படுங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். மாட் எல்லாம் கணினிப் பதிப்புக்குத்தான். சேவ் கோப்பைத் திறக்கும்போதே எந்த மாட் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், நடுவில் புதிதாகச் சேர்த்தாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் உங்கள் ஊரில் ஏற்கெனவே குடியேறிய ஒரு வகுப்பை நடுவில் நீக்கினால் சேவ் திறக்காமல் போகலாம், அதனால் முதலில் சேவ் கோப்புறையை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இன்னொன்று, வகுப்புகள் கூடக் கூட ஸ்டேஜ்கோச்சில் பழைய ஹீரோக்கள் வருவது குறையும், ஏனென்றால் எல்லோரும் ஒரே சீட்டுக்கட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு வகுப்பின் கோப்பிலும் கட்டில் எத்தனை சீட்டு என்றே ஒரு வரி இருக்கிறது. இருபது மாட் ஹீரோக்களைச் சேர்த்துவிட்டு வெஸ்டல் வரவே மாட்டேன் என்கிறாள் என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைக் குறைத்தால் போதும்.

கடைசியாக, நீங்களே ஒரு வகுப்பு செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், தொடக்கம் நினைப்பதைவிட எளிது. ஹீரோவின் எண்கள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன, நோட்பேடிலேயே திறக்கலாம். உயிர், வேகம், அடி, ஒவ்வொரு திறனும் எங்கிருந்து எங்கே பாயும் என்பதெல்லாம் வரிவரியாக எழுதியிருக்கும். அசைவுகள் ஸ்பைன் என்ற மென்பொருளில் செய்தவை, அதில் உடனே கை வைக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஹீரோவின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேலே உள்ள படத்தை மட்டும் மாற்றி வரைந்தால் ஆரம்பத்துக்குப் போதும். விளக்கேந்தியும் வெஸ்டலின் அசைவுகளோடுதான் நடக்கிறாள். திறன்களின் விளைவுகளுக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் வகுப்பின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்னொரு மாட்டில் அதே பெயர் இருந்து இரண்டும் மோதிக்கொள்ளும்.

முதல் வேலையாக, பிடித்த பழைய ஹீரோ ஒருவரின் கோப்புறையை நகலெடுத்து ஒரே ஒரு திறனின் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். முன்வரிசையில் நின்று வெட்டும் ஹெலியனை மூன்றாம் இடத்திலிருந்து மட்டும் வெட்ட வைத்துப் பாருங்களேன். அந்த ஒரு மாற்றத்துக்கு மற்ற மூன்று பேரையும் எப்படியெல்லாம் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் சொந்த ஹீரோவுக்குத் திறன்கள் எழுத உட்காருங்கள்.