சூடு இருக்கிறது, காற்றுதான் போகவில்லை: டிரையர் கேள்வி-பதில்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் மொட்டைமாடிக் கொடியை மறந்துவிட வேண்டியதுதான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலும் டிரையர் சமாச்சாரம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வாங்கிய புதிதில் ஒன்றேகால் மணி நேரத்தில் காய்ந்தது. இப்போது இரண்டரை மணி நேரம் ஓடியும் ஜீன்ஸ் இடுப்பில் ஈரம் நிற்கிறது. ஹீட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா? — தண்டையார்பேட்டை வாசகி

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, உள்ளே கை வைத்துப் பாருங்கள். துணி நன்றாகச் சுடுகிறதென்றால் ஹீட்டர் வேலை செய்கிறது. ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டிய காற்றுதான் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து மிஷினில் எட்டுக்கு இதுதான் வியாதி.

முதலில் பஞ்சு ஃபில்டர். ஒவ்வொரு தடவையும் பஞ்சை வழித்து எடுக்கிறேன் என்பீர்கள். நல்லது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படலம் உண்டு. துணிக்கு வாசனை லிக்விட் ஊற்றும் வீடுகளில் அந்தப் பிசுக்கு வலைக்கண்களில் மெழுகு மாதிரி படியும். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் சட்டென்று இறங்கினால் சரி. வலைமேல் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். பாத்திர சோப்பு, வெந்நீர், பழைய டூத் பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அடுத்து, ஃபில்டர் உட்காரும் பள்ளம். வாக்வம் கிளீனரின் ஒல்லி மூக்கை உள்ளே விட்டால் ஒரு கைப்பிடிப் பஞ்சாவது வரும். காற்றை வெளியே தள்ளும் ரகமாக இருந்தால், மிஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பின்னால் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் டேங்க் இருக்கும் கண்டென்சர் ரகத்தில் கீழ்க்கதவுக்குள் கட்டை மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் கண்டென்சர். கழற்ற வருகிறதென்றால் மாதம் ஒருமுறை ஷவரில் பிடித்துக் கழுவுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மாற்றம் இல்லையென்றால் ஹீட்டரைப் பற்றிப் பேசலாம்.

பாதியில் நின்றுபோன டிரையரை, உள்ளே ஏதோ ஃபியூஸ் எரிந்துவிட்டது என்று சொல்லி இரண்டு ஒயரையும் நேராக ஜாயின் பண்ணிக் கொடுத்தார் ஒரு மெக்கானிக். ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது. பிரச்சினை வருமா? — ராயபுரம் வாசகர்

இதைப் படித்து முடிப்பதற்குள் பிளக்கைப் பிடுங்குங்கள் சார்.

அது தெர்மல் ஃபியூஸ். உள்ளே சூடு எல்லை மீறினால் தன்னையே பலி கொடுத்து மிஷினை நிறுத்துவதுதான் அதன் வேலை. சும்மா எரியாது. பஞ்சு அடைத்து, காற்று போகாமல், சூடு தேங்கியதால் எரிந்திருக்கும். அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் காவலாளியை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். டிரையர் பஞ்சு எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் டிரையர் இருக்கும் அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரையிலான கணக்கை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் எடுத்தது: ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால். அவற்றில் முதல் காரணம், சுத்தம் செய்யாதது.

புது ஃபியூஸ் பெரிய செலவு இல்லை. அதே மாடலுக்கு உரியதைப் போடச் சொல்லுங்கள். போடும் முன் காற்று வழி முழுவதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்கிறாரா, வேறு ஆளைப் பாருங்கள்.

கணவர் மணலியில் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறார். அவர் யூனிஃபார்மும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் துண்டும் டிரையரில் போடலாமா? துவைத்த பிறகும் லேசாக எண்ணெய் வாடை வருகிறது. — எர்ணாவூர் வாசகி

வாடை வருகிறதென்றால் எண்ணெய் இன்னும் நூலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். போடவே போடாதீர்கள்.

பெட்ரோல், தின்னர் பட்ட துணி ஏன் கூடாது என்பது எல்லோருக்கும் புரியும். சமையல் எண்ணெயில்தான் ஏமாறுகிறோம். நல்லெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தானாகவே சூட்டை விடும். கொடியில் விரித்திருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். டிரையரில் சூடேறிய துண்டுகளை அப்படியே கூடையில் அமுக்கி வைத்தால் போக வழியில்லாமல் நடுவில் ஏறிக்கொண்டே இருக்கும். மிஷின் நின்று சில மணி நேரம் கழித்துக்கூடத் துணிக் குவியல் புகைவது இதனால்தான். தேங்காய் எண்ணெயில் இந்தக் குணம் மிகக் குறைவு. அதற்காக அதைப் போடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சும்மா சுற்றுகிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். துணியை ஆற வைக்கத்தான் அந்தச் சுற்று. கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டாலும் உள்ளேயே விடாமல் வெளியே எடுத்து உதறிப் போடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு உங்கள் பக்கம் எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததே, அப்போது நனைந்த போர்வைகளை இன்னும் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பிளக் தொட முடியாத அளவு சுடுகிறது. ஒரு பின் கறுத்துவிட்டது. — காசிமேடு வாசகர்

கடல் காற்று. உப்பு ஈரம் பித்தளையில் பச்சை பூக்க வைக்கும், சாக்கெட்டின் பிடி தளரும், தளர்ந்த இடத்தில் சூடு பிடிக்கும். 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் மிஷின் இது. 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் நேராகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சட்டென்று அணைத்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

கரண்ட் பில்லைக் குறைக்க என்ன வழி? — கொளத்தூர் வாசகர்

டிரையருக்கு முன்னால், வாஷிங் மிஷினிலேயே குறையுங்கள். ஒரு கிலோ பருத்தித் துணி 800 ஆர்பிஎம் ஸ்பின்னில் வெளியே வரும்போது சுமார் 700 மில்லி தண்ணீரைப் பிடித்திருக்கும். 1,400-ல் பிழிந்தால் அது அரை லிட்டர் அளவுக்கு இறங்கும். மிச்சத் தண்ணீரை டிரையர் சூட்டில் விரட்ட, லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், சூட்டை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் ரகம் பாருங்கள். விலை அதிகம், நேரமும் கூட எடுக்கும், ஆனால் சாதாரண ரகத்தில் பாதி கரண்ட்தான் ஆகும். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள ஸ்லாபிலும் ரேட் ஏறும் என்பதை மனதில் வையுங்கள். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் டிரையர்தான் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும்.

செமி ஆட்டோமேடிக்கில் டிரையர் பக்கம் சுற்றவில்லை. — வியாசர்பாடி வாசகி

உங்களுடையது பிழியும் தொட்டி மட்டும்தான். சூடு, பஞ்சு பற்றி மேலே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது. மூடி சரியாக மூடுகிறதா, தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் கைக்குட்டை, சாக்ஸ் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடி சுவிட்ச் அல்லது பிரேக் ஒயர்.

ஹோஸ் வழியாக எலி வருகிறது. வெளி முனையில் கொசுவலை கட்டலாமா? — திருவொற்றியூர் வாசகர்

இரண்டு வாரத்தில் அந்த வலை பஞ்சுத் தலையணை ஆகிவிடும். காற்று வரும்போது மட்டும் திறக்கும் தகடு மூடி போடுங்கள். எலி கடித்த பிளாஸ்டிக் ஹோஸை ஒட்டுப் போடாமல், உலோகக் குழாயாகவே மாற்றிவிடுங்கள். வளைவு குறைவாக, நீளம் குறைவாக.

டிரையரைப் போட்டுவிட்டு எம்.சி. ரோடு வரை போய் வரலாமா? — பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

வேண்டாம். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்குப் போனால் எப்போது திரும்புவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது! ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். கருகல் வாடை வந்தால் மிஷின் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து நெருப்பு எழும்பும். மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டில் எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு 101-க்கு போன் பண்ணுங்கள்.