சித்தோர்கட் கோட்டை: வாசகர் கேள்வி – பதில்

ராஜபுத்திரர்களின் பழைய ஊர்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சித்தோர்கட் பற்றியவை. அதனால் இந்த இதழ்ப் பக்கங்கள் முழுக்க அந்த ஊருக்கே.

ராணி பத்மினியின் ஊரைச் 'சித்தூர்' என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆந்திராவில் உள்ள சித்தூரா அது? — வேலூர் வாசகி

இல்லை. பத்மினியின் ஊர் ராஜஸ்தானின் தெற்கே, உதய்ப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது. உண்மைப் பெயர் சித்தோர். 'கட்' என்றால் கோட்டை. மோரி வம்சத்துச் சித்ராங்கதன் பெயரால் சித்ரகூடம் என்றிருந்து சித்தோர் ஆனதாக அங்கே சொல்வார்கள். 'ஊர்' என்று முடியும் பெயர்களுக்குப் பழகிய நம் வாய் அதையும் சித்தூர் ஆக்கிவிட்டது. பேச்சில் அதனால் நஷ்டம் இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் 'கட்' என்ற வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை மூன்று முறை விழுந்தது என்கிறார்கள். யார் யாரிடம்? — கரூர் வாசகர்

1303-இல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியிடம். 1535-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடம். 1568-இல் அக்பரிடம். மூன்றிலும் முடிவு ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. இனித் தாங்காது என்று தெரிந்ததும் பெண்கள் தீயில் இறங்கினார்கள், அது ஜௌஹர். ஆண்கள் காவி உடுத்தி, வாயிலைத் திறந்து, திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்துப் போருக்குள் போனார்கள், அது சாகா.

இரண்டாவது முற்றுகையின்போது ராணி கர்ணாவதி ஹுமாயூனுக்கு ராக்கி அனுப்பிய கதையைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அது பிற்காலத்தில் வளர்ந்த கதை. ஹுமாயூனின் உதவி சித்தோருக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பத்மினியின் முகத்தை அலாவுதீன் பார்த்த கண்ணாடியை அங்கே காட்டுகிறார்களாமே, அது உண்மையா? — திண்டுக்கல் வாசகர்

2017-இல் உடைக்கப்படும்வரை காட்டியது உண்மை. அது அந்தக் கண்ணாடியா என்றால், இல்லை.

1303 முற்றுகையில் கவிஞர் அமீர் குஸ்ரோ அலாவுதீனோடு கூடவே இருந்தார். ஜனவரி 28-இல் தொடங்கிய முற்றுகை ஆகஸ்ட் 26-இல் முடிந்ததை எழுதியும் வைத்தார். அவர் எழுத்தில் பத்மினி என்ற பெயர் இல்லை. அந்தப் பெயர் பரவியது மாலிக் முகமது ஜாயசி அவதி மொழியில் எழுதிய 'பத்மாவத்' காவியத்தால். அது எழுதப்பட்டது 1540-இல், அதாவது 237 ஆண்டுகள் கழித்து. குளத்தின் நடுவே நிற்கும் 'பத்மினி அரண்மனை'யோ, இன்று நாம் பார்க்கும் வடிவில், 19-ஆம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டியது.

குஸ்ரோ சொல்லாததாலேயே அப்படி ஒரு ராணி இருந்ததில்லை என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் அவசரம்தான். முற்றுகை நடந்தது, ரத்தினசிம்மன் சித்தோரை ஆண்டான், கோட்டை விழுந்தது ஆகியவற்றுக்குச் சான்று இருக்கிறது. கண்ணாடிக்கு இல்லை. சித்தோரில் எதைப் பார்த்தாலும் இந்தக் கட்டடம் எந்த நூற்றாண்டு, இதற்குச் சொல்லும் கதை எந்த நூற்றாண்டு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

மலை உச்சியில் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? — ராமநாதபுரம் வாசகர்

நல்ல கேள்வி. கோட்டைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதைக் கேட்பதே இல்லை.

சுற்றுச் சமவெளியிலிருந்து சுமார் 180 மீட்டர் உயரத்தில், வடக்குத் தெற்காக 5 கிலோமீட்டர் நீண்டு, மீன் வடிவில் கிடக்கிறது மலை. மதில் சுற்று ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மேல்தளம் கூம்பாக இல்லாமல் தட்டையாக விரிந்திருப்பதுதான் இங்கே அதிர்ஷ்டம். அவ்வளவு பரப்பில் விழும் மழை மதிலைத் தாண்டி வழிந்தோடும் முன் அதைப் பிடித்து நிறுத்தினால் போதும். நம் ஏரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவின் குறுக்கே கரை கட்டினார்கள். மேல் குளம் நிரம்பினால் மிகுதி கீழ்க் குளத்துக்குப் போகும்.

இப்படி 84 நீர்நிலைகள் இருந்தன என்பது கணக்கு. இன்று மிஞ்சியவை 22. பரந்த குளம் தாலாப். சதுரமாக வெட்டிப் படி வைத்தது குண்ட். ஆழமாகப் படியிறங்கிப் போகும் கிணறு பாவடி. குளத்து நீர் மண்ணில் இறங்கிக் கீழே இருக்கும் கிணறுகளுக்கு ஊறும். அதனால் குளத்தைத் தூர்த்துவிட்டுக் கிணற்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்று போனால் மற்றதும் வற்றும்.

இந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேற்கு மதில் ஓரம் உள்ள கௌமுக குண்டுக்கு இறங்குங்கள். பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்று, பசுவின் முகம் போலச் செதுக்கிய கல் வழியாக லிங்கத்தின் மேல் விழுந்து, கீழே உள்ள பெரிய குளத்தில் சேர்கிறது. குளத்து மீன்களைப் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி போடுவார்கள். குளத்துக்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் நேராகப் பள்ளம். எதிரி கீழே நின்று அண்ணாந்து பார்த்த அதே விளிம்பில்தான் உள்ளே இருந்தவர்களின் குடிநீர் இருந்தது.

அவ்வளவு வலுவான மதிலை அக்பரின் படை எப்படி உடைத்தது? — தஞ்சாவூர் வாசகர்

1567 அக்டோபரில் வந்து இறங்கியது படை. சித்தோரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசின் ராணா உதய்சிங் மலைக்காடுகளுக்குப் போய்விட, கோட்டையை மேர்த்தாவின் ஜய்மல் ராத்தோரும் இளம் வீரன் பத்தாவும் காத்தார்கள். நேரடித் தாக்குதல் பலிக்கவில்லை. பிறகு இரண்டு வேலைகள் நடந்தன.

ஒன்று சுரங்கம். மதிலின் அடிவரை குடைந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகளில் வெடிமருந்தை நிரப்பினார்கள். டிசம்பரில் இரண்டுக்கும் ஒருசேரத் திரி கொளுத்தினார்கள். ஒன்று முதலில் வெடித்து மதில் சரிந்தது. இரண்டும் வெடித்து முடிந்தன என்று நினைத்து, தயாராக நின்ற படை உடைப்புக்குள் பாய்ந்தது. அப்போதுதான் இரண்டாவது வெடித்தது. அக்பர் தரப்பில் மட்டும் சுமார் 200 பேர் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் உடைப்பை அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று 'சாபாத்'. மேலே கூரையும் இரு பக்கமும் சுவரும் உள்ள மூடுபாதை அது. பீரங்கி எட்டும் தூரத்திலிருந்து தொடங்கி, வளைந்து வளைந்து மதிலை நோக்கி நீண்டுகொண்டே போகும். பத்துக் குதிரைகள் ஒரே வரிசையில் போகும் அகலம், யானை மேல் ஈட்டியோடு இருப்பவன் நுழையும் உயரம் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. தோல் மறைப்பு இருந்தும், கட்டிய கூலியாட்கள் நாள்தோறும் நூறு பேர் அளவில் செத்தார்கள் என்பதை அக்பர் தரப்பு வரலாற்றாசிரியர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

சாபாத் மதிலைத் தொட்ட பிறகு முடிவு நெருங்கியது. 1568 பிப்ரவரியில் ஓர் இரவு, உடைந்த இடத்தைத் தீப்பந்த வெளிச்சத்தில் சரிசெய்ய வைத்துக்கொண்டிருந்த ஜய்மலை அக்பரின் துப்பாக்கிக் குண்டு சாய்த்தது. அந்தத் துப்பாக்கிக்குப் பெயர்கூட உண்டு: 'சங்கிராம்'. மறுநாள் கோட்டை விழுந்தது. அதன் பிறகு அக்பரின் ஆணைப்படி உள்ளே இருந்த சுமார் 30,000 பேர் கொல்லப்பட்டார்கள். அக்பரைப் பற்றிப் பள்ளியில் படித்ததோடு இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிறகு மேவார்காரர்கள் கோட்டையை மீட்கவே இல்லையா? — நாகர்கோவில் வாசகி

1615-இல் ஜஹாங்கீரோடு ராணா அமர்சிங் செய்த உடன்படிக்கையில் கோட்டை திரும்பக் கிடைத்தது. ஆனால் மதிலைச் செப்பனிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. பின்னால் ராணா ராஜ்சிங் பழுதுபார்க்கத் தொடங்கியதும், 1654-இல் ஷாஜஹான் படை அனுப்பி, செய்த வேலையை இடித்துப்போட்டார். அதற்குள் தலைநகரும் உதய்ப்பூரில் வேரூன்றிவிட்டது. நீங்கள் பார்க்கும் இடிபாடு எல்லாம் போரில் இடிந்ததல்ல. ஒரு பகுதி ஒப்பந்தத்தால் இடிந்தது.

விஜய ஸ்தம்பம், கீர்த்தி ஸ்தம்பம் இரண்டும் ஒன்றா? — விருதுநகர் வாசகர்

இரண்டு வேறு கோபுரங்கள். வழிகாட்டிகளே மாற்றிச் சொல்வதுண்டு.

கிழக்கு மதில் பக்கம் இருக்கும் கீர்த்தி ஸ்தம்பம் பழையது, 22 மீட்டர். பகேர்வால் சமண வணிகர் ஜீஜா என்பவர் ஆதிநாதருக்காக எடுத்தது. விஜய ஸ்தம்பம் ராணா கும்பா எடுத்தது. மாளவச் சுல்தான் மகமூத் கில்ஜியை வென்றதன் நினைவு என்பார்கள். 1448-இல் முடிந்தது. உயரம் 37.19 மீட்டர், ஒன்பது அடுக்கு, 157 படி.

விஜய ஸ்தம்பத்தின் படிக்கட்டு வேடிக்கையானது. ஓர் அடுக்கில் நடு அறை வழியாக ஏறும். அடுத்த அடுக்கில் வெளிச்சுற்று நடை வழியாக ஏறும். சிற்பங்களைப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் கீழும் பொறித்திருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். தெய்வத்தின் பெயர் அங்கேயே எழுதியிருக்கிறது. இந்தக் கையில் சங்கு இருந்தால் யார், கதாயுதம் இருந்தால் யார் என்று ஊகிக்கும் சிரமம் இல்லை. ஐந்தாம் அடுக்கில் கட்டிய தச்சர் ஜைதாவின் பெயரும் அவர் மகன்கள் நாபா, பூஜா, போமா பெயர்களும் இருக்கின்றன. மூன்றாம் அடுக்கில் ஒன்பது முறையும் எட்டாம் அடுக்கில் எட்டு முறையும் 'அல்லா' என்று அரபியில் செதுக்கியிருக்கிறது. ஒரு சுல்தானை வென்றதற்காக எடுத்த தூணில் அது எப்படி வந்தது என்று தலையைச் சொறிகிறவர்கள், கும்பாவின் காலத்தை இன்றைய கண்ணால் பார்க்கிறவர்கள்.

மீராபாய் கட்டிய கோயில் அங்கே இருக்கிறதா? — ஸ்ரீரங்கம் வாசகி

மீரா கோயில் இருக்கிறது, மீரா கட்டியதல்ல. மீரா, ராணா சங்காவின் மகன் போஜ்ராஜை மணந்து இங்கே வந்தது 1516-இல். கோயில் அதற்கு முந்தைய கும்பா காலத்தது. பக்கத்தில் நிற்கும் பெரிய கும்பஸ்யாம் கோயிலோடு ஒரே வளாகம். மீராவின் வழிபாட்டால் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரே ஒரு சிறிய சத்ரி, நான்கு தூண் மண்டபம், மீராவின் குருவாகப் போற்றப்படும் ரவிதாஸ் நினைவாக நிற்கிறது. அதன் உட்கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். ஒரே தலைக்கு ஐந்து உடல்கள் செதுக்கியிருக்கிறது.

ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? எந்த வரிசையில்? — கோவை வாசகர்

முடியும், வண்டி வைத்துக்கொண்டால். 5 கிலோமீட்டர் நீள மலையை நடந்தே முடிக்கப் பார்ப்பவர்கள் மதியத்துக்குள் சோர்ந்து, கிழக்குப் பக்கத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். மேலே நிழலும் குறைவு.

ஏறும் வழியை மட்டும் நடந்து ஏறச் சொல்வோம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். 'போல்' என்றால் வாயில். பாடன், பைரவ், ஹனுமான், கணேஷ், ஜோட்லா, லக்ஷ்மண், ராம் என ஏழு போல்கள். பாதை ஏன் இத்தனை திருப்பம் திரும்புகிறது என்று நடந்தால்தான் புரியும்: கதவை மோத ஓடிவரும் யானைக்கு வேகம் பிடிக்க நேரான இடமே கிடைக்காது. பைரவ் போல் அருகே ஜய்மலுக்கும், அடிபட்ட அவரைத் தோளில் சுமந்து போரிட்டதாகச் சொல்லப்படும் கல்லாவுக்கும் சத்ரிகள் இருக்கின்றன. ராம் போல் அருகே பத்தாவின் நினைவிடம்.

உள்ளே நுழைந்ததும் கும்பா அரண்மனை, மீரா கோயில், பிறகு விஜய ஸ்தம்பமும் அதை ஒட்டிய சமித்தீஸ்வரர் கோயிலும் கௌமுகமும். தெற்கே காளிகா மாதா கோயில். அது 8-ஆம் நூற்றாண்டில் சூரியனுக்கு எடுத்தது, பிற்காலத்தில் காளிக்கு மாறியது. பத்மினி அரண்மனையைத் தாண்டிச் சாலை கிழக்கே வளைந்து சூரஜ் போல், கீர்த்தி ஸ்தம்பம் வழியாக வடக்கே ரத்தன்சிங் அரண்மனைக்கு வரும். குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

இறங்கியதும் கம்பீரி ஆற்றுப் பழைய பாலத்தைப் பாருங்கள். பத்து வளைவுகளில் ஒன்பது கூர்முனை, ஒன்று மட்டும் அரைவட்டம். அலாவுதீனின் மகன் கிஸ்ர் கான் காலத்ததாகச் சொல்வார்கள்; கொஞ்ச காலம் இந்த ஊருக்கே கிஸ்ராபாத் என்று பெயர் இருந்தது.

சாலையோரம் மாட்டுவண்டியில் வாழும் கொல்லர்களுக்கும் சித்தோருக்கும் என்ன தொடர்பு? — சேலம் வாசகர்

அவர்கள் காடியா லோகார்கள். காடி என்றால் வண்டி. மேவார் படைக்கு ஆயுதம் அடித்தவர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. 1568-இல் கோட்டை விழுந்ததும், அது மீளும்வரை உள்ளே போவதில்லை, கூரைக்குக் கீழ் குடியிருப்பதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை என்று சபதம் செய்தார்களாம். வண்டியில் கட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பது அதனால்தான். 1955 ஏப்ரலில் நேரு அவர்களை அழைத்துக்கொண்டு கோட்டைக்குள் போய், சபதம் முடிந்தது என்று அறிவித்தார். ஆனாலும் வண்டியும் உலையுமாகத் திரிகிற குடும்பங்களை இன்றும் பார்க்கலாம்.

வாங்கி வர உள்ளூர்ப் பொருள் ஏதாவது? — மதுரை வாசகி

அருகில் உள்ள பஸ்ஸி கிராமத்துக் காவட். மரத்தில் செய்து, வண்ணத்தில் கதை எழுதிய கையடக்கக் கோயில். கதவுகளை ஒவ்வொன்றாக மடக்கித் திறக்கத் திறக்கக் கதை நகரும், கடைசிக் கதவுக்குப் பின்னால் தெய்வம். வாங்கும்போது எல்லாக் கதவுகளையும் இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசினால் வண்ணம் விளிம்பில்தான் முதலில் உதிரும்.