அறிக்கை எழுத வந்தவரிடம் என்ன சொன்னீர்கள்?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 15 வயதுப் பையன் ஒருவன், இன்னும் இருவரோடு சேர்ந்து லயத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பாகம் பாகமாகக் கழற்றி விற்றுவிட்டான். வண்டியின் சொந்தக்காரர் வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்கிறார். கோர்ட்டோ பையனை இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சிங்கப்பூராக இருந்தால் பிரம்படி, அமெரிக்காவாக இருந்தால் பெரியவர்களோடு சிறை. இந்தியாவில்கூட 16 வயதுக்காரனைத் தூக்கில் போடச் சட்டம் வந்துவிட்டதாம். நம் மலேசியா மட்டும் ஏன் செல்லம் கொடுக்கிறது? இவன்களை ஒருநாள் சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினால் புத்தி வராதா? பையனின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். போடுங்கள், மற்றவர்கள் பயப்படட்டும்.
– கோயில் நிர்வாக உறுப்பினர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம், பேரா

பதில்: வண்டியை இழந்தவரின் கோபம் நியாயமானது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. ஆனால் நீங்கள் அடுக்கிய வெளிநாட்டுக் கணக்கு ஒன்றுகூட முழுசாகச் சரியில்லை. அந்தத் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பையனின் தலைவிதியை எழுதப் பார்க்கிறீர்கள்.

முதலில் தூக்கு. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையில் சிக்கியவர்களில் ஒருவனுக்கு 18 நிரம்பவில்லை. சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்தான். நாடே கொதித்தது. அதே மாதம் புதிய சிறார் நீதிச் சட்டம் நிறைவேறியது. 16 வயதைத் தாண்டிய ஒருவன், குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு சிறை என்றிருக்கும் கொடுங்குற்றத்தைச் செய்தால், அவனுடைய மனநிலையையும் விளைவை உணரும் திறனையும் சிறார் நீதி வாரியம் ஆராயும். தேவைப்பட்டால் பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பும். அங்கே போனாலும் தூக்கு இல்லை. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் சிறையும் இல்லை. மோட்டார் சைக்கிள் திருட்டு அந்த எல்லைக்குள் வரவே வராது.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே சிறார் நீதிமன்றம் பிரம்படி விதிக்க முடியாது. சிறுவர் இளையர் சட்டத்தின் கீழ் வரும் ஒருவனுக்கு அதை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. முதன்முறையாகச் சின்னக் குற்றத்தில் மாட்டும் பையனை அந்த நாடு பல நேரம் கோர்ட்டுக்கே கொண்டு போவதில்லை. ஆறு மாத வழிகாட்டல் திட்டத்தில் சேர்க்கிறார்கள். ஆலோசகரும் பெற்றோரும் கூட இருந்து அவன் அதை ஒழுங்காக முடித்தால், போலீஸ் கடுமையாக எச்சரித்து விட்டுவிடும். 1997 முதல் இது நடக்கிறது. நீங்கள் பார்த்துப் பொறாமைப்படும் கண்டிப்பான நாடு, பையனைக் கோர்ட்டு வாசலுக்கு வெளியே வைத்திருக்கத்தான் முதலில் பாடுபடுகிறது.

அமெரிக்கா வேறு கதை. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் திறந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் அது எங்கே கொண்டு விட்டது தெரியுமா? 1964-இல் அரிசோனாவில் 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டம்மாவிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடித்தார்கள். பெரியவர் ஒருவர் அதையே செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. பையனை 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவானது. வக்கீல் இல்லை; குற்றம் சாட்டிய அம்மாவும் கோர்ட்டுக்கு வரவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்து, சிறாருக்கும் வக்கீல் வைக்கும் உரிமை உண்டு, குற்றச்சாட்டு என்னவென்று முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்று தீர்த்தது. 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அந்நாடு முடிவெடுக்க 2005 வரை ஆனது.

பெரியவர் கோர்ட்டுக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை அவர்களே கணக்கெடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2007-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தோடு இணைந்த நிபுணர் குழு, அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிச் சொன்னது இதுதான்: பெரியவர்களைப் போல நடத்தப்பட்ட பையன்கள், சிறார் அமைப்பிலேயே வைக்கப்பட்டவர்களைவிட அதிகமாக வன்முறைக்குத் திரும்பினார்கள். சிறைக்குள் கூட்டிப்போய்ப் பயம் காட்டும் உங்கள் யோசனையும் அங்கே பழசு. 1970-களில் நியூ ஜெர்சியில் ஆயுள் கைதிகளை வைத்துப் பையன்களை மிரட்டும் திட்டம் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. பிறகு குலுக்கல் முறையில் பையன்களை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். போய்வந்தவர்கள், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ஏன் என்று யோசித்தால் விளங்கும். கூட்டாளிகளோடு சேர்ந்து போகிற பையன், யார் பயந்தான் யார் பயப்படவில்லை என்பதைத்தான் பார்க்கிறான். லயத்துக்குத் திரும்பியதும் பயப்படாதவன் தலைவனாகிவிடுகிறான்.

நம் நாட்டைச் செல்லம் கொடுக்கும் நாடு என்கிறீர்கள். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றின் குற்றவியல் சட்டமும் ஒரே வெள்ளைக்கார மூலத்திலிருந்து வந்தவை. எந்த வயதுக்குக் கீழே குற்றமே இல்லை என்பதை மூன்றிலும் 82-ஆம் பிரிவுதான் சொல்லியது. இந்தியாவில் அந்த வயது 7. சிங்கப்பூரில் 7 ஆக இருந்ததை 2019-இல் திருத்தி 10 ஆக்கினார்கள். நம்மிடம் 10. இலங்கை 2018-இல் 12-க்கு உயர்த்தியது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 14. குறைந்தபட்சம் 14 வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019-இல் சொன்னது. இதில் செல்லம் எங்கே இருக்கிறது?

இன்னும் கேளுங்கள். ஜெர்மனியில் 17 வயதுக்காரன் கொலையே செய்தாலும் உச்ச தண்டனை 10 ஆண்டு. நம் சிறார் சட்டத்தின் 97-ஆம் பிரிவு மரண தண்டனைக்குப் பதிலாக மாமன்னர் அல்லது மாநில ஆட்சியாளர் விரும்பும் காலம்வரை தடுத்துவைக்கச் சொல்கிறது. எத்தனை ஆண்டு என்ற எண்ணே கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு வாரியம் மறுபரிசீலனை செய்யும், அவ்வளவுதான். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. அதே ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, பிரிவு செல்லும் என்றது. வெளியே வரும் தேதி தெரியாமல் ஒரு பையன் உள்ளே வளர்வதை எந்த ஊர்க்காரரும் செல்லம் என்று சொல்லமாட்டார்.

உங்கள் தோட்டத்துப் பையனுக்கு வருவோம். வாகனத் திருட்டுக்குப் பெரியவருக்குக் குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண். அவர்கள் எச்சரித்து அனுப்பலாம். ஒழுங்காக நடப்பேன் என்று நன்னடத்தைப் பிணை வாங்கலாம். அபராதமோ இழப்பீடோ கட்டச் சொல்லலாம். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கண்காணிப்பில் வைக்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு சமூக சேவையும் செய்யச் சொல்லலாம். அதற்கு மேலே போனால் சமூக நல இலாகாவின் 'அங்கீகரிக்கப்பட்ட பள்ளி' எனப்படும் சீர்திருத்தப் பள்ளி. 14 வயது தாண்டியவர்களுக்குச் சிறைச்சாலை இலாகா நடத்தும் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளி. வேறு வழியே இல்லையென்றால் சிறை.

இந்தப் பட்டியலில் எது அவனுக்கு என்று தீர்மானிப்பதில் ஒரு காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுதான் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை. பையனின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிக்கூடப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உத்தரவு போடுவதற்கு முன் கோர்ட் அதைப் பார்த்தாக வேண்டும்.

ஜப்பானில் இதே வேலைக்குத் தேவைப்பட்டால் பையனை ஒரு பரிசீலனை இல்லத்தில் வழக்கமாக நான்கு வாரம் வரை வைத்து, உளவியல் தெரிந்தவர்கள் ஆராய்கிறார்கள். குடும்ப நீதிமன்றத்தின் புலனாய்வாளர் வீட்டையும் பள்ளியையும் தனியாக விசாரிக்கிறார். நம் தோட்டத்தில் அதிகாரி பகலில் வருகிறார். அப்பா விடியற்காலையிலேயே ரப்பர் பால்வெட்டப் போய்விட்டார், அம்மா தொழிற்சாலை ஷிப்டில். வாசலில் பாட்டி. "பையன் எப்படி?" என்றால், "சொன்ன பேச்சுக் கேட்கமாட்டான் ஐயா" என்கிறார் பாட்டி. பாட்டிக்கு அது செல்லத் திட்டு. அறிக்கையில் அது 'குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இல்லை' என்று விழுந்துவிடும். அவன் படிவம் மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடத்தை விட்டது பஸ் காசு இல்லாமல் என்று யாரும் சொல்வதில்லை. கோயில் நிர்வாகத்தில் இருக்கிறீர்களே, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அதற்கும் முன்னால் முதல் நாள் இருக்கிறது. பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தகவல் கொடுக்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றம் என்பதால் விசாரணைக்காக முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை காவல் நீட்டிப்புக் கேட்கலாம். அந்த மனு விசாரணைக்கு வரும்போதே தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நம் குடும்பங்கள் அதைக் கேட்பதில்லை. "ஒப்புக்கொள்ளுடா, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் பெரியவர்கள்தான். வழக்கு முடியும்வரை பெற்றோர் பொறுப்பில் பையனை விட வேண்டும் என்பதே பொதுவிதி. கொலை போன்ற கடுங்குற்றம், கெட்ட சகவாசத்திலிருந்து பிரிக்க வேண்டிய தேவை, நீதி கெட்டுப்போகும் என்ற அச்சம் இவைதான் விலக்கு. குண்டர் கும்பல் பேச்சு அடிபடும் லயத்துப் பையனுக்கு இரண்டாவது காரணம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் பொறுப்பான ஒருவர் முன்வந்து, "என் பட்டறையில் வேலை தருகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது அங்கேதான் எடை போடப்படும்.

வெளிநாட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நியூசிலாந்தைப் பாருங்கள். 1989-இல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி அவர்கள் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கினார்கள். பையன், அவனுடைய சித்தப்பா, அத்தை என்று நீளும் சொந்தம், போலீஸ், அரசு ஒருங்கிணைப்பாளர், விரும்பினால் பாதிக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். என்ன நடந்தது என்று முதலில் வாசிக்கப்படும். பாதிக்கப்பட்டவர் தன் இழப்பைப் பையன் முகத்துக்கு நேரே சொல்வார். பிறகு மற்றவர்கள் வெளியேறுவார்கள். குடும்பம் மட்டும் தனியாகப் பேசி ஒரு திட்டம் போடும். எவ்வளவு பணம் எப்போது கொடுப்பது, எங்கே வேலை, யார் கண்காணிப்பது என்று எல்லாமே எழுத்தில் இருக்கும். இளையோர் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானாலும் இந்தக் கூட்டம் நடக்காமல் நீதிபதி தண்டனை உத்தரவு போடமுடியாது. ஸ்காட்லாந்திலும் 1971 முதல் பெரும்பாலான சிறார் வழக்குகளைப் பொதுமக்களில் பயிற்சி பெற்ற மூன்று பேர் கொண்ட குழுதான் கேட்கிறது.

இந்தக் கூட்டங்கள் கங்காணி காலத்துப் பஞ்சாயத்து போலத் தெரியலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பையனைக் கோயில் தூணில் கட்டிவைத்து நான்கு சாத்துச் சாத்தினால் அது அடிதடிக் குற்றம், உள்ளே போவது நீங்கள்.

இனி அந்த இரண்டு ஆண்டு. நன்னடத்தைக் கண்காணிப்பு என்றால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சொன்ன நாளில் அதிகாரியைப் பார்க்க வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும், உத்தரவில் எழுதியதை மீறினால் பழைய வழக்குக்கே மறுபடியும் உத்தரவு போடலாம். நம் பையன்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். மாமா வீட்டுக்கு வேலை தேடிப் போனவன் சொல்லாமல் போகிறான். பஸ் இல்லை என்று ஒரு சந்திப்பைத் தவறவிடுகிறான். முடிவில் பேராவிலிருந்து மலாக்கா தெலுக் மாஸில் இருக்கும் ஹென்றி கர்னி பள்ளிக்கு. அங்கே போய்ப் பார்த்துவர அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம் போகும். மாதம் ஒருமுறைகூட முடியாது.

வண்டிக்காரரின் இழப்புக்கு இன்னும் வழி இருக்கிறது. கோயிலில் உட்கார்ந்து மூன்று குடும்பங்களையும் கூப்பிடுங்கள். உதிரிப் பாகத்தின் கடைக்கணக்கை வாங்கி, மாதம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைப் பையனே உழைத்துக் கட்டட்டும். ஒரு நகலை நன்னடத்தை அதிகாரியிடம் கொடுங்கள். அவர் சந்திப்பு நாளன்று யார் வண்டியில் பையனை ஏற்றிக்கொண்டு போவது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

படம். சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் அனுப்பிய படத்தைக் கிழித்துவிட்டோம். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றுகிறது என்றால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள்.