முதலில் மனிதன், அப்புறம் யானையா?

கேள்வி: மனிதரும் வனவிலங்கும் சேர்ந்து வாழலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அடுத்த தெருக்காரனோடு ஒத்துப்போகத் தெரியாத மனிதன், யானையோடும் சிறுத்தையோடும் ஒத்துப்போவானா? முதலில் மனிதர்களுக்குள் சமாதானம் வரட்டும், அப்புறம் மிருகங்களைப் பார்ப்போம். அதுவரை ஊர்ப்பக்கம் வருவதைப் பிடித்து நடுக்காட்டில் கொண்டுபோய் விடுவதுதானே நியாயம்? பயிரைப் பறிகொடுப்பது நாங்கள்; உபதேசம் மட்டும் உங்களுடையது.

பதில்: கடைசி வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. யானைக்குப் பரிந்து எழுதுகிறவன் வீட்டு வாசலுக்கு யானை வருவதில்லை. நான் எழுதி முடித்துவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கப் போகிறேன். நீங்கள் விளக்கை ஏற்றிவைத்துக் காவலிருக்கிறீர்கள். சரி, அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் சொன்ன இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியாது.

'பிடித்துக் கொண்டுபோய் விடு' என்பதை இதுவரை யாரும் செய்யாத யோசனை போலச் சொல்கிறீர்கள். செய்து பார்த்தாயிற்று. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள்ளேயே சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் அங்கே கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்து, தொலைவில் இருக்கும் காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. முன்பு தொல்லையே இல்லாதிருந்த ஊர்களிலும், சிறுத்தையை விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தாக்குதல் நடந்தது. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் 2011-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

காரணம் ஒன்றும் புதிர் இல்லை. தண்ணீர் எங்கே, நாய் எங்கே படுத்திருக்கும், ஆள் எந்நேரம் நடமாடுவார் என்று தெரிந்துவைத்து ஒதுங்கி வாழ்ந்த மிருகத்தைப் பிடித்து, எதுவுமே தெரியாத இடத்தில் கூண்டில் பட்ட மிரட்சியோடு இறக்கிவிடுகிறோம். அது பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும். இங்கே காலியான எல்லைக்கு வேறொரு சிறுத்தை குடிவரும். ஒரு பிரச்சினையை இரண்டாக்கி, அதில் ஒன்றை இன்னோர் ஊர்க்காரர் தலையில் கட்டியதுதான் மிச்சம். அந்த ஊர்க்காரரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மனிதர்களுக்குள் சமாதானம் என்கிறீர்களே, இதுவும் அதில் சேர்த்திதான்.

அடுத்தது, 'முதலில் மனிதன், அப்புறம் மிருகம்' என்ற உங்கள் வரிசை. மனிதர்கள் சமாதானமானால்தான் மிருகத்துக்கு விமோசனம் என்றால், கொரியாவை என்ன செய்வது? 1953 போர்நிறுத்தத்துக்குப் பின் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய ஆள் நுழையாத நிலம் ஒன்று கிடக்கிறது. உள்ளே கண்ணிவெடிகள். ஓரிரு கிராமங்களை விட்டால் உழவு இல்லை, வீடு இல்லை. உச்சந்தலை சிவந்த பெருங்கொக்கு, உலகத்தின் அரிய கொக்கு வகைகளில் ஒன்று, குளிர்காலத்தைக் கழிக்க அந்தப் பக்கமும் வருகிறது. இதைச் சமாதானம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டு நிற்பதால் நடுவில் பறவைக்குக் கிடைத்த சந்து அது. நாளைக்கே இரு நாடுகளும் கைகுலுக்கினால், மறுநாள் அங்கே வந்து நிற்பது சாலை போடும் எந்திரமாக இருக்கலாம்.

எல்லாச் சண்டையும் கொக்குக்குச் சாதகமாக முடிவதில்லை என்பதும் உண்மைதான். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கொரங்கோசா என்ற தேசியப் பூங்காவில் இருந்த பெரிய விலங்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. தந்தம் ஆயுதச் செலவுக்கு, இறைச்சி படைகளின் பசிக்கு. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் அந்தப் பூங்காவில் தந்தமில்லாத பெண் யானை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பின் ஏறக்குறைய பாதி. தந்தம் உள்ளவற்றைச் சுட்டுத் தீர்த்ததால், இல்லாதவை பிழைத்து அந்தப் பண்பைக் குட்டிகளுக்குக் கொடுத்தன என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுட்டவர்கள் சமாதானமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தந்தமில்லாத மகள்கள் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறார்கள். 'அதுவரை பொறுக்கட்டும்' என்கிறீர்களே, அந்த 'அதுவரை'யில் நடப்பது இதுதான்.

அதே நாட்டின் வடக்கில், நியாஸா காட்டுப்பகுதியில், வேறொரு கதை. அங்கே யாவ் இன மக்கள் தேன் எடுக்கப் போகும்போது வாயால் ஒரு தனி ஒலி எழுப்புவார்கள்: 'பிர்ர்ர்' என்று இழுத்து, 'ஹ்ம்' என்று முடிப்பார்கள். கேட்டதும் தேன்காட்டிப் பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவி, தேன்கூடு இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகும். மனிதர் புகை போட்டுக் கூட்டை வெட்டித் தேனை எடுத்துக்கொள்வார், மெழுகு பறவைக்கு. யாரும் பழக்காத, கூண்டில் அடைக்காத காட்டுப் பறவை இது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தும் பார்த்தார்கள். வேறு ஒலிகளை எழுப்பிக்கொண்டு போனபோது கூடு கிடைக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். இந்த ஒலியோடு போனால் 54. பறவைக்கு மனிதர் மேல் பாசம் கிடையாது. மனிதருக்கும் பறவை மேல் பக்தி கிடையாது. பேச்சு மாறாமல் பங்கு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சேர்ந்து வாழ்வது என்றதும் எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொள்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் உங்களுக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் அந்த மாதிரிப் பேச்சு எரிச்சல்தான். யானையை நேசிக்கும்படி உங்களை நான் கேட்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமலைத் தொடரில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். சுற்றிலும் காடு, நடுவில் தோட்டம், தோட்டத்தில் சுமார் 70 ஆயிரம் பேர். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைகளுக்கு அந்தத் தோட்டங்கள்தான் பாதை. தொழிலாளர்களும் ஆசைப்பட்டு யானைப் பாதையில் வீடு கட்டியவர்கள் இல்லை; வேலை அங்கே இருந்தது, வந்தார்கள். வருஷாவருஷம் ஆட்கள் செத்தார்கள். ஆய்வாளர் ஆனந்த குமாரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் குழுவினரும் ஒவ்வொரு சாவும் எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். பெரும்பாலானவர்கள் யானை அங்கே இருப்பதே தெரியாமல் அதன் முன்னால் போய் நின்றவர்கள். அந்தி நேரம், வளைவு, மூடுபனி, நாலடி தூரத்தில் யானை. யானைக்கும் அது திடுக்கிடல்தான்.

அப்புறம் செய்தது சாதாரண வேலை. இன்று யானைக்கூட்டம் எந்தத் தோட்டத்தில் என்று உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடவிட்டார்கள். பிறகு மொபைலுக்குக் குறுஞ்செய்தி. பிறகு தூரத்திலிருந்தே தெரிகிற உயரத்தில் சிவப்பு விளக்குகள். யானை பக்கத்தில் இருந்தால் அந்த இடத்து ஆட்களே போனிலிருந்து எரியவிடலாம். யானையைப் பிடிக்கவில்லை, விரட்டவில்லை. சாவு எண்ணிக்கை இறங்கியது. இந்த வேலைக்கு ஆனந்த குமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: இந்த மக்களுக்கு யானையைப் பற்றிப் பாடம் நடத்தாமல், தகவலையும் விளக்கின் பொத்தானையும் அவர்கள் கையில் கொடுத்தது.

ஏனென்றால் வழக்கம் அப்படி இல்லை. காட்டைப் பற்றிய முடிவுகளைக் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எடுப்பதுதான் வழக்கம். இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்று வாழ்ந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்புகளுக்கு நல்லது; சந்தேகமில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் பிழைப்பு குற்றமாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் சட்டத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஓயாத திருட்டு விளையாட்டுதான் நடந்திருக்கும். 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதே திறமை, வேறு வேலை: பாம்பைப் பிடிப்பது, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுப்பது, திரும்ப விட்டுவிடுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்துதான் இங்கே விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். உலகம் முழுக்கப் பாம்புக்கடியால் ஆண்டுக்கு 81 ஆயிரம் முதல் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் வரை சாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த மருந்துக் குப்பியில், விஷத்தை எடுத்துக் கொடுத்தவர் எந்தச் சமூகம் என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தால் சிலர் வேண்டாம் என்பார்களோ என்னவோ. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஆக, அடுத்த தெருக்காரரும் யானையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்ற உங்கள் பிரிவினையே எனக்குச் சம்மதமில்லை. யானை இருக்கும் இடம் எஸ்டேட் துரைக்குத் தெரிந்து கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குத் தெரியாமல் போனால், அது யானையின் குற்றமா?

இப்போது நீங்கள் பறிகொடுத்த பயிர். காட்டு மிருகத்தால் ஊருக்கும் நாட்டுக்கும் வருகிற நன்மையை எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். மழை, ஆறு, சுற்றுலா, பெருமை எல்லாம் பொது. நஷ்டம் மட்டும் காட்டோரம் நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு. இது அநியாயம். கென்யாவில் யானை ஆய்வாளர் லூசி கிங் செய்த தேனீ வேலி எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். யானைக்குத் தேனீ என்றால் பயம். வயலைச் சுற்றிக் கம்பியில் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டால், யானை கம்பியை உரசியதும் பெட்டிகள் ஆடித் தேனீ கிளம்பும், யானை திரும்பிவிடும். விவசாயிக்கு வேலியிலிருந்தே தேன் கிடைக்கிறது. முழு வைத்தியம் இல்லைதான்: வறட்சியில் தேனீக்கள் பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போய்விடுகின்றன, யானைக்குப் பசி அதிகமாகிற நேரமும் அதுதான். ஆனாலும் காவலுக்குச் செலவழித்தவருக்கு முதல்முறையாக ஏதோ திரும்பி வருகிறது.

எந்த மாதம் வந்தது, எத்தனை தடவை, எவ்வளவு போயிற்று, இழப்பீட்டு மனு எந்த மேஜையில் தூங்குகிறது, இதையெல்லாம் தேதியோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். என் உபதேசத்துக்கு இடம் போதாமல் போகும், பரவாயில்லை.