மழுப்பலான பதிலும் ஒரு பிடிதான்: நாடாளுமன்றக் கேள்விகள் பற்றி என் அனுபவம்

கேள்வி: நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் கேட்கும் கேள்விகளால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? பாதுகாப்பு, நிதி போன்ற பெரிய துறைகளின் அமைச்சர்கள் எப்படியும் மழுப்பிவிட்டுத்தானே உட்காருகிறார்கள்?

நடக்கிறது என்பதுதான் என் அனுபவம். இரண்டு ஆண்டுகள் ஒரு மக்களவை உறுப்பினரிடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். அவர் பெயரில் போகும் கேள்விகளை எழுதுவதும், வரும் பதில்களைப் படித்துக் குறிப்பெடுப்பதும்தான் பெரும்பாலான நாட்களில் என் வேலை. மழுப்பல் பதில்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன், கோபமும் பட்டிருக்கிறேன். ஆனாலும் மழுப்பிய பதிலும் அவைக் குறிப்பில் ஏறுகிறது. அமைச்சர் சொன்ன வார்த்தை, தேதியோடு, அங்கே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருந்தால் மூன்றாவது, நான்காவது சுற்றிலாவது விஷயம் வெளியே வரும். அப்படி விடாமல் கேட்க ஆள் இல்லாதபோதுதான் நீங்கள் சொல்லும் ஏமாற்றம் மிஞ்சுகிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் காலை 11 மணிக்கு அவை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் அது பகல் 12 மணிக்கு. குறைந்தது 15 நாள் முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் வர வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு பட்டியலில் ஏறும். இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும்.

நட்சத்திரக் கேள்விக்கு வரும் முதல் பதிலை அதிகாரிகள் பல நாள் உட்கார்ந்து செதுக்கியிருப்பார்கள். அதில் ஓட்டை கிடைப்பது அபூர்வம். அது முடிந்ததும் உறுப்பினர் கேட்கிறாரே துணைக் கேள்வி, அதுதான் உயிர். அது என்னவென்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. கோப்பைப் படித்துவிட்டு வந்தாரா, துறை அவர் கையில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துபோகும்.

இதன் பலத்தைக் காட்ட இந்தியாவில் மிகப் பெரிய உதாரணம் நிதித் துறையில்தான் இருக்கிறது. 1956 செப்டம்பரில் 245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி அரசு எல்.ஐ.சி.யை உருவாக்கியது. ஓராண்டு நிறைவதற்குள், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. முந்த்ராவோ அப்போது பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்தார். எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவைக்கூடக் கேட்காமல் வாங்கிவிட்டார்கள். சாதாரண மக்கள் மாதா மாதம் மிச்சம் பிடித்துக் கட்டிய பிரீமியப் பணம் அது.

ராம் சுபக் சிங் போன்றவர்கள் மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். முதலில் வந்த பதில்கள் பிடிகொடுக்கவில்லை. அவர்கள் விடவில்லை, மறுபடி கேட்டார்கள். டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். எதிரே இருந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவருடைய சொந்தக் கட்சிக்காரர். அப்படியிருந்தும் கணக்கோடு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பொதுமக்கள் பார்க்கத் திறந்த மன்றத்தில் விசாரித்து, ஒரு மாதத்துக்குள் அறிக்கையைக் கொடுத்துவிட்டார் சாக்ளா. நிதித் துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, அதிகாரி மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம். கிருஷ்ணமாச்சாரி பணம் வாங்கினார் என்று ஆணையம் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். பிறகு 1963-இல் மீண்டும் நிதியமைச்சர் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அந்த முதல் பதில்களைப் படித்துவிட்டு, "சரி, மழுப்பிவிட்டார்கள், விடு" என்று யாராவது உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பதுதான்.

பாதுகாப்புத் துறை இன்னும் கடினம். ரகசியம் என்ற வேலி அங்கே விதிப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது என்று அவையில் கேட்டு ஊருக்குச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வேலிக்குப் பின்னால் எதிரியிடமிருந்து மறைக்க வேண்டியதும் இருக்கும், சொந்த மக்களிடமிருந்து மறைக்க விரும்புவதும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கேள்வி கேட்பவரின் வேலை.

பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று, அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் படையை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் நாடாளுமன்றத்தில் சொன்னார். உண்மையில் அது திசை திரும்பி விலகிப் போய்க்கொண்டிருந்தது. டாம் டேலியல் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் இதைப் பிடித்துக்கொண்டார். எந்த நேரத்தில் கண்டுபிடித்தீர்கள், எந்தத் திசையில் போனது, எப்போது உத்தரவு போனது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். பலர் அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கினார்கள்.

அவருடைய கேள்விகளுக்குப் பதில் வரைவு எழுத வேண்டிய மேசையில் கிளைவ் பாண்டிங் என்ற பாதுகாப்பு அமைச்சக அதிகாரி இருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து. மேலே அதை ஏற்கவில்லை. 1984-இல் அவர் ஆவணங்களை டேலியலுக்கே அனுப்பிவிட்டார். அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. 1985 பிப்ரவரியில் ஜூரி அவரை விடுதலை செய்தது. எனக்கு இந்தக் கதையில் நெஞ்சைத் தொடும் இடம் அந்த மேசைதான். நாம் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் எங்கோ ஓர் அதிகாரியின் முன்னால் போய் விழுகிறது. அவர் அந்த நிமிடம் உண்மை எது, எழுதச் சொல்வது எது என்று நேருக்கு நேர் பார்த்தாக வேண்டியிருக்கிறது. பதில் வருவதற்கு முன்பே கேள்வி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

இங்கேயும் பாருங்கள். பிரான்சின் 36 ரஃபேல் போர் விமானங்களுக்கு 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் மக்களவையில் கேட்டபோது, ஒரு விமானத்தின் விலை சுமார் 670 கோடி ரூபாய் என்று பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பதில் கொடுத்தார். கூடுதல் கருவிகள், ஆயுதங்கள் சேராத விலை அது. 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விலை விவரம் கேட்டபோது, பிரான்சுடன் 2008-இல் செய்த ரகசியக் காப்பு உடன்பாட்டின்படி வெளியிட முடியாது என்று பதில் வந்தது. ரஃபேல் ஒப்பந்தம் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும் இருக்கட்டும். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நம்மால் முடிகிறதே, அது கேள்வி கேட்டதால் கிடைத்தது.

நிதித் துறைக்குத் திரும்பினால், எனக்குப் பிடித்த பதில்கள் பெரும்பாலும் அமளியில் யாரும் கவனிக்காத எழுத்துப் பதில்களே. 2023 ஆகஸ்டில் வந்த ஒரு பதிலில், 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின, அதில் பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு சுமார் 7.41 லட்சம் கோடி என்று இருந்தது. அப்படி நீக்கிய கடன்களிலிருந்து திரும்ப வசூலானது சுமார் 2.05 லட்சம் கோடி என்றும் அதே பதிலிலேயே இருந்தது.

தமிழில் இந்தச் செய்தியை எழுதும்போது நாம் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். விவசாயிக்கு அரசு தள்ளுபடி செய்யும் கடனுக்கும் வங்கி தன் ஏட்டிலிருந்து எடுத்துவிடும் கடனுக்கும் "தள்ளுபடி" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஏட்டிலிருந்து எடுத்தாலும் கடன் வாங்கியவர் கட்டத்தான் வேண்டும், வசூல் நடவடிக்கை தொடரும் என்று அமைச்சர்கள் ஒவ்வொரு முறையும் இதற்குள் நுழைந்து தப்பிக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியும்கூட. எனவே "ஏன் தள்ளுபடி செய்தீர்கள்" என்று கேட்பது வீண். "நீக்கியதில் எவ்வளவு திரும்பி வந்தது" என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை, எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். மேலே உள்ள 14.56 லட்சம் கோடியிலிருந்து 2.05 லட்சம் கோடியைக் கழித்துப் பார்த்தால் போதும், வேறு பேச்சு தேவையில்லை.

இன்னொன்று, நம் எல்லோர் பாஸ்புக்கிலும் இருப்பது. சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் ஐந்து ஆண்டுகளில் பிடித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் மக்களவைப் பதிலில் வந்தது. கையில் பணம் இல்லாததற்காக ஏழைகளிடம் பிடித்த பணம். மொத்தம் எவ்வளவு என்று அதற்கு முன் பலருக்குத் தெரியாது. 2025-இல் பல பொதுத்துறை வங்கிகள் அந்த அபராதத்தை விட்டுவிட்டன. அந்தக் கேள்வியால்தான் விட்டார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் வெளியே வந்த பிறகு அதைத் தாங்கிப் பேச வங்கிகளுக்குக் கஷ்டமாகிவிட்டது என்று நம்புகிறேன்.

கேள்வி நேரத்தைக் கெடுப்பவையும் உண்டு. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லி வாய்மொழிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். 2018-இல் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் (செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைப்பவை) விவாதமில்லாமல் அரை மணி நேரத்துக்குள் மக்களவையில் நிறைவேறின. லட்சக்கணக்கான கோடி ரூபாய் அது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது தினப்படி அமளிதான். நாங்கள் மூன்று வாரம் உழைத்து எழுதிய கேள்வி ஒருமுறை பட்டியலில் இடம் பிடித்தது. அன்று கூச்சலில் அவை பத்தே நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்டது. துணைக் கேள்விக்காக நான் தட்டச்சு செய்து கொடுத்திருந்த தாள் உறுப்பினரின் சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது.

கடைசியாக என் சொந்த விஷயம். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத் திருத்தத்தில் வர வேண்டிய நிலுவை அவருக்கும் அவருடைய நண்பர்கள் சிலருக்கும் மாதக்கணக்கில் வரவில்லை. மனு மேல் மனு போட்டும் ஓர் அலுவலகம் பதிலே தரவில்லை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய சுமார் 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.60 லட்சம் கோடி. அவ்வளவு பெரிய தொகை போய்ச் சேர வேண்டியவரிடம் சேர்கிறதா என்று கேட்பதில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. "எத்தனை பேருக்கு நிலுவை, எத்தனை மாதமாக, எந்தத் தேதிக்குள் தீரும்" என்று ஓர் எழுத்துக் கேள்வி எழுதினேன். உறுப்பினர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வந்த பதில் ஒரே வரி: தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும். நான் மனம் உடைந்துபோனேன். அலுவலகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, இதுதான் நல்ல பதில். இது உறுதிமொழி. இதற்கென்றே அவையில் ஒரு குழு இருக்கு." அரசு உறுதிமொழிகள் குழு 1953-இல் இருந்து மக்களவையில் இருக்கிறது. "திரட்டப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது கடன். மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் குழு கூப்பிட்டுக் கேட்கும்.

மூன்று மாதத்தில் வரவில்லை, ஓராண்டுக்கு மேல் ஆனது. உறுப்பினர் இரண்டு முறை நினைவூட்டுக் கடிதம் எழுதினார். கடைசியில் எண்களோடு பதில் அவையில் வைக்கப்பட்டது. அதற்கு முன்பே அப்பாவுக்கு நிலுவை வந்துவிட்டிருந்தது. அப்பா அந்தப் பதிலின் பிரதியை என்னிடம் கேட்டு வாங்கி, தன் ஓய்வூதிய ஆணையோடு சேர்த்து அதே கோப்பில் வைத்திருக்கிறார். இன்னும் நிலுவை வராத இரண்டு நண்பர்களின் பெயரை அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, அடுத்த கூட்டத்தொடர் எப்போது என்று கேட்டார்.